கோழியை யாரும் கேட்கவில்லை: விலங்கு நலனும் விலங்கு உரிமையும் வகுப்பறைக்கு வரும்போது

1965-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த நிபுணர் குழு ஒன்று, பண்ணை விலங்குகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை தந்தது. குழுவின் தலைவர் விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல். முட்டைக்கோழிக் கூண்டுகளுக்குத் தரையாகப் போடப்படும் மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழியின் பாதத்தை வருத்தும், அதை விட்டுவிட்டுத் தடித்த கம்பிவலை போட வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். எட்டு ஆண்டுகள் கழித்து, 1973-இல், ஹியூஸ், பிளாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோழிகளையே கேட்டுப் பார்த்தார்கள். வெவ்வேறு தரைகளை அருகருகே அமைத்து, விரும்பிய பக்கம் போக வழிவிட்டார்கள். நிபுணர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மெல்லிய வலையில்தான் கோழிகள் அதிக நேரம் நின்றன. கண்ணிகள் நெருக்கமாக இருந்ததால் அந்த வலை பாதத்தை அதிக இடங்களில் தாங்கியது.

குழுவினர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். கோழிக்காக இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார்கள். அவர்களின் இரக்கம் கோழியின் காலில் நிற்காமல் மனிதனின் காலில் நின்று யோசித்தது, அவ்வளவுதான்.

விலங்குகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்த நினைக்கிற ஆசிரியர் இந்தக் கதையில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். பள்ளிகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் 'விலங்குகளிடம் அன்பு காட்டுவோம்' என்ற ஒரு வரியில் தொடங்கி அதே வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு சுவரொட்டி வரைவார்கள், ஒரு கட்டுரை எழுதுவார்கள், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். மறுத்துப் பேச எதுவுமே இல்லாத பாடத்தில் கற்பதற்கு என்ன இருக்கிறது? உலகமெங்கும் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அனல் பறக்க விவாதிக்கப்படுகிற ஒரு பொருள், வகுப்பறைக்குள் வரும்போது மட்டும் நீதிக்கதையாகச் சுருங்கிவிடுகிறது.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துவைக்க வேண்டும். ஜீவகாருண்யம் என்பது மனிதனுக்குள் எழும் ஓர் உணர்வு. விலங்கு நலன் என்பது விலங்கின் நிலை: அதன் உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்று அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. விலங்கு உரிமை என்பது ஒரு கோரிக்கை: எவ்வளவு நன்றாக நடத்தினாலும் விலங்கிடம் சில செயல்களைச் செய்யவே கூடாது என்ற கோரிக்கை. நலன் பேசுகிறவர் 'எப்படிப் பயன்படுத்துகிறோம்?' என்று கேட்கிறார். உரிமை பேசுகிறவர் 'பயன்படுத்தலாமா?' என்று கேட்கிறார். மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்து விவாதிக்கும்போது ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சத்தம் இருக்கும், விவாதம் இருக்காது. இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல.

அன்பு காட்டச் சொல்லும் பாடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1693-இல் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதியபோது, சிறு உயிர்களை வதைத்து விளையாடும் குழந்தைகளைக் கண்டிக்கச் சொன்னார். அந்தப் பழக்கம் நாளடைவில் மனிதர்களிடமும் நெஞ்சை இறுக்கிவிடும் என்பது அவர் காரணம். 1751-இல் ஓவியர் வில்லியம் ஹோகார்த் நான்கு அச்சுப்படங்கள் வெளியிட்டார்: முதல் படத்தில் நாயை வதைக்கும் சிறுவன், மூன்றாவதில் கொலைகாரன், கடைசிப் படத்தில் தூக்கிலிடப்பட்டு உடற்கூறு மேசையில் கிடக்கும் பிணம். ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் தம் அறவியல் வகுப்புகளில் இந்தப் படங்களை எடுத்துக்காட்டினார். விலங்குக்கு நாம் நேரடியாக எந்தக் கடமையும் பட்டிருக்கவில்லை, ஆனால் விலங்கை வதைப்பவன் தன்னுள் இருக்கும் மனிதத்தன்மையைக் கெடுத்துக்கொள்கிறான் என்பது கான்ட்டின் நிலைப்பாடு. உழைத்துக் களைத்த கிழட்டு நாயைச் சுட்டுக் கொல்பவன் நாய்க்குத் தவறு இழைக்கவில்லை, தனக்குத்தான் இழைக்கிறான்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கருத்து பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. 1875-இல் இங்கிலாந்திலும் 1882-இல் அமெரிக்காவிலும் 'கருணைக் குழுக்கள்' தொடங்கப்பட்டுச் சிறுவர் சிறுமியர் விலங்குகளைத் துன்புறுத்துவதில்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள். இன்றைய சுவரொட்டிகளின் பாட்டன் பாட்டிகள் அவை. இந்த மரபு முழுவதிலும் விலங்கு ஒரு பயிற்சிக் கருவி. பிள்ளை நல்ல மனிதனாவதற்குப் பூனை உதவுகிறது. பூனைக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டவர்கள் அரிது.

கேட்டவர்களில் முக்கியமானவர் ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தம். தமிழில் 'ஐந்தறிவு ஜீவன்' என்ற ஒரு சொல் இருக்கிறது. இரக்கப்படும்போதும் அதைத்தான் சொல்கிறோம், இளப்பமாகப் பேசும்போதும் அதைத்தான் சொல்கிறோம். ஆறாவது அறிவாகிய பகுத்தறிவு இல்லை என்பதால் விலங்கு ஒரு படி கீழே என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 1789-இல் வெளியான தம் சட்டவியல் நூலின் ஓர் அடிக்குறிப்பில் பெந்தம் அசைத்துப் பார்த்தது இந்தத் தீர்ப்பைத்தான். அவற்றால் பகுத்தறிய முடியுமா, பேச முடியுமா என்பதல்ல, துன்பப்பட முடியுமா என்பதே கேள்வி என்றார். வளர்ந்த குதிரையோ நாயோ, ஒரு நாள், ஒரு வாரம், ஏன் ஒரு மாதக் குழந்தையைவிடவும் அறிவுடையது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த வரியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே அடிக்குறிப்பின் முன்பகுதியைக் காட்டுபவர்கள் குறைவு. விலங்குகளை உண்பதில் தவறில்லை என்று பெந்தம் அங்கே வாதிடுகிறார். வரப்போகும் துன்பத்தை எண்ணி அவை நம்மைப்போல் நெடுநாள் அஞ்சுவதில்லை. இயற்கையில் காத்திருக்கும் சாவைவிட நம் கையால் வரும் சாவு விரைவானது, ஆகவே வலி குறைந்தது. வதைப்பதற்கு மட்டும் நியாயமே இல்லை. முழு அடிக்குறிப்பையும் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் மாணவர்கள் தடுமாறுவார்கள். ஒரே மனிதர் இரண்டையும் எப்படிச் சொல்கிறார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நலனுக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள கோட்டை ஆசிரியர் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

கருணை சட்டமாக மாறியது அதன் பிறகு. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான சட்டத்தை ரிச்சர்ட் மார்ட்டின் 1822-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றவைத்தார். 1824-இல் லண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. ஆனால் அந்தச் சட்டங்கள் தடுத்தது தேவையற்ற கொடுமையை, அதாவது குதிரையை வெறிகொண்டு அடிக்கும் வண்டிக்காரனை. யாரும் வெறிகொள்ளாமல், யாரும் அடிக்காமல், கணக்கு வழக்கோடு நடக்கும் துன்பத்துக்கு அந்தச் சட்டங்களில் பெயர் இல்லை. 1964-இல் ரூத் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், தொழிற்சாலைபோல் மாறிவிட்ட கால்நடைப் பண்ணைகளைப் பற்றி எழுதிய நூல்தான் அதைப் பொதுமக்கள் கண்முன் கொண்டுவந்தது. அதன் அதிர்ச்சியில் அமைக்கப்பட்டதே பிராம்பெல் குழு. கம்பிவலை விஷயத்தில் தவறினாலும், அந்தக் குழு சொன்ன ஒன்று நிலைத்துவிட்டது: ஒரு விலங்குக்குக் குறைந்தபட்சம் திரும்பவும், படுக்கவும், எழவும், தன் உடலைச் சுத்தம் செய்துகொள்ளவும், கைகால்களை நீட்டவும் இடம் இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டிய நிலை வந்திருந்தது என்பதை மாணவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

1979-இல் பிரிட்டனின் பண்ணை விலங்கு நலக் குழு இதை 'ஐந்து விடுதலைகள்' என்று விரித்தது: பசி தாகத்திலிருந்து, இருப்பிட வசதிக் குறைவிலிருந்து, வலி, காயம், நோயிலிருந்து, அச்சத்திலிருந்தும் மன உளைச்சலிலிருந்தும் விடுதலை, அதோடு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் சுதந்திரம். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் இருக்கும். மனப்பாடம் செய்ய வசதியானது. ஆனால் பசியே எடுக்காத விலங்கு எங்கும் கிடையாது; பசித்தால்தான் அது உண்ணும். ஆகவே 1994-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிட் மெல்லரும் உடன் ஆய்வாளரும் வேறொரு சட்டகம் தந்தார்கள். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் சேர்ந்து ஐந்தாவதாகிய மனநிலையில் எதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்று பார்ப்பது அது. துன்பம் இல்லாதிருப்பது மட்டும் போதாது, விலங்கின் நாளில் இன்பமும் ஏதாவது இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதன்வழியே வலுப்பட்டது.

மனநிலையை எப்படி அளப்பது? விவாதத்தைவிட இந்தக் கேள்வி மாணவர்களை அதிகம் இழுக்கும், நேரமும் இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும். மிங்க் என்பது உரோமத்துக்காகக் கூண்டில் வளர்க்கப்படும் சிறு விலங்கு. காட்டில் நீரோரம் வாழ்வது. பல தலைமுறைகளாகப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்ததற்கு நீச்சல் குளம் எதற்கு என்பது பண்ணைக்காரர்களின் நியாயம். ஜார்ஜியா மேசனும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் மிங்குகளுக்குப் பல அறைகள் வைத்தார்கள். ஒன்றில் உயரமான மேடை, ஒன்றில் விளையாட்டுப் பொருள், ஒன்றில் மாற்றுக் கூடு, ஒன்றில் நீர்த்தொட்டி. ஒவ்வோர் அறைக்கும் தள்ளித் திறக்கும் கதவு. கதவின் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நீர்த்தொட்டி அறைக்குள் போகத்தான் மிங்குகள் மிக அதிகமாக உழைத்தன. பிறகு அந்த அறையை ஒரு நாள் பூட்டி வைத்தார்கள். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால், உணவை மறுத்தபோது உயர்ந்ததற்கு ஒப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. வேறு சில அறைகளைப் பூட்டியபோது அப்படி ஆகவில்லை. 'அதற்குப் பழகிவிட்டது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம் அல்லவா, அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதே மாணவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

அடுத்து மீன். 2003-இல் லின் ஸ்னெட்டனும் குழுவினரும் ரெயின்போ டிரவுட் மீனின் தலையில் வலியைத் தூண்டும் சேதத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் நெடுநேரம் உண்ணவில்லை. சில மீன்கள் தொட்டியின் அடியிலிருந்த கூழாங்கற்களில் உதட்டைத் தேய்த்தன. அப்படியானால் வலிக்கிறதா? மீனின் மூளையில் நம்முடையதுபோன்ற பெருமூளைப் புறணி இல்லை, எனவே எதிர்வினை இருக்கும், உணர்வு இருக்காது என்று வாதிடும் அறிவியலாளர்கள் உண்டு. உணர்வுக்கு ஒரே வகை மூளைதான் வழி என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. காலியான நத்தை ஓடுகளுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு வயிற்றுப் பகுதியில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தபோது, தரம் குறைந்த ஓட்டில் இருந்த நண்டுகள் எளிதில் ஓட்டை விட்டு ஓடின, நல்ல ஓடு கிடைத்திருந்தவை பொறுத்துக்கொண்டன என்று 2009-இல் எல்வுட், ஆப்பெல் இருவரும் எழுதினார்கள். வெறும் அனிச்சைச் செயல் வீட்டின் தரத்தைப் பார்க்குமா? இந்த வகை ஆய்வுகள் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை அலசிய ஓர் அறிக்கைக்குப் பிறகே, பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டம் முதுகெலும்பிகளோடு நண்டு, சிங்கி இறால், ஆக்டோபஸ் போன்றவற்றையும் உணர்வுடைய விலங்குகளின் கூட்டத்தில் சேர்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, சிங்கி இறாலை மயக்கமுறச் செய்யாமல் கொதிநீரில் போடுவதற்கு ஸ்விட்சர்லாந்து தடை விதித்துவிட்டது.

ஆய்வு சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும் வேறு வேறு என்பதை ஆசிரியர் இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். 'மீனுக்கு வலிக்கும்' என்பது ஆய்வு சொல்லக்கூடிய வாக்கியம். 'ஆகவே மீன் பிடிக்கக் கூடாது' என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. இடையில் ஓர் அறக் கருத்து வேண்டும். அதை யாராவது வாதாடித்தான் நிறுவ வேண்டும். விலங்கு ஆர்வலர்களும் எதிர்த்தரப்பினரும் ஒரே வேகத்தில் தாண்டிக் குதிக்கிற பள்ளம் இது.

அந்தக் கருத்துகளுக்கு வருவோம். 1975-இல் ஆஸ்திரேலிய மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் வெளியிட்ட நூல் விலங்கு உரிமை இயக்கத்தின் மூல நூலாகப் பேசப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் அடிப்படை வாதம் உரிமையைப் பற்றியதே அல்ல. சிங்கர் பெந்தமின் வழிவந்த பயன்வாதி, அதாவது ஒரு செயலால் விளையும் நன்மை தீமைகளைக் கணக்கிட்டு அது சரியா தவறா என்று சொல்பவர். சமமான துன்பத்துக்குச் சமமான எடை கொடு, அது யாருடைய துன்பமாக இருந்தாலும் சரி என்கிறார். நிறத்தைப் பார்த்தும் பாலினத்தைப் பார்த்தும் ஒதுக்குவதைப்போலவே எந்த உயிரினம் என்று பார்த்து ஒதுக்குவதும் பாகுபாடுதான். இதற்கான 'ஸ்பீஷீசிசம்' (speciesism) என்ற ஆங்கிலச் சொல்லை 1970-இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் ரைடர். ஆனால் பயன்வாதக் கணக்கில், ஒரு விலங்கின் துன்பத்தால் மிகப் பெரிய நன்மை உறுதியாக விளையும் என்றால் கதவு முழுவதும் அடைக்கப்படவில்லை.

கதவை அடைத்தவர் அமெரிக்க மெய்யியலாளர் டாம் ரீகன். 1983-இல் எழுதிய நூலில் அவர் ஒரு வரையறை தந்தார்: விருப்பும் நினைவும் எதிர்பார்ப்பும் கொண்டு, தன் வாழ்க்கை நன்றாகப் போகிறதா கெட்டுப்போகிறதா என்பது தனக்கே ஒரு பொருட்டாக இருக்கிற எந்த உயிரும் 'ஒரு வாழ்வின் உரிமையாளர்'. அப்படிப்பட்ட ஒன்றைப் பிறருக்கான வெறும் கருவியாக ஆக்கக் கூடாது. கணக்குப் போடவே கூடாது. உரிமை என்றால் கணக்குக்கு அப்பாற்பட்ட வேலி. கூண்டைப் பெரிதாக்குவது ரீகனுக்குப் பதிலே அல்ல. அமெரிக்கச் சட்ட அறிஞர் கேரி ஃபிரான்சியோன் இன்னும் ஒரு படி போய், சட்டத்தின் முன் விலங்கு ஒரு சொத்தாக இருக்கும்வரை நலச் சட்டங்கள் சொத்துக்காரனின் வசதியைத்தான் காக்கும் என்கிறார்.

எதிர்த்தரப்பின் வலுவான குரல் அமெரிக்க மெய்யியலாளர் கார்ல் கோஹன். 1986-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், உரிமை என்பது கடமையை உணர்ந்து, அறநெறியைத் தனக்கே விதித்துக்கொண்டு, ஒருவர் மற்றவரிடம் கோரிக்கை வைக்கக்கூடியவர்களின் சமூகத்தில் மட்டுமே பொருள்படும் சொல் என்றார். மானைக் கொன்றதற்காகச் சிங்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆகவே அதற்கு உரிமையும் இல்லை. கொடுமை தவறு என்பதை அவர் மறுக்கவில்லை. உடனே எழும் மறுப்பு: பச்சிளங்குழந்தையும் மறதிநோய் முற்றிய முதியவரும்கூடக் கடமையை உணர்வதில்லையே, அவர்களுக்கு உரிமை இல்லையா? கோஹனின் பதில், உரிமை தனிநபரின் திறனைப் பார்த்து வருவதல்ல, அவர் சார்ந்த வகையைப் பார்த்து வருவது என்பது. இந்தப் பதில் எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆனால் ரீகனும் தப்பவில்லை. அவருடைய வரையறைக்குள் ஓராண்டு நிறைந்த பாலூட்டி ஐயமில்லாமல் வரும். நண்டு வருமா, தேனீ வருமா என்று கேட்டால் கோடு மங்கிவிடுகிறது. மாணவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், தங்கள் பக்கத்தின் இந்தப் பலவீனமான இடத்தைத் தாங்களே எழுதிக் காட்டச் சொல்வது நல்ல பயிற்சி.

நீதிமன்றங்கள் இதில் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் இரண்டு வழக்குகள் போதும். அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் செசிலியா என்ற சிம்பன்சிக்காகத் தாக்கல் செய்யப்பட்ட ஆட்கொணர்வு மனுவை 2016-இல் நீதிபதி ஏற்றார். அடுத்த ஆண்டு அது பிரேசிலில் உள்ள சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நியூயார்க்கில் ஹேப்பி என்ற யானைக்காகத் தொடுக்கப்பட்ட அதே வகை மனுவை மாநில உச்ச முறையீட்டு மன்றம் 2022-இல் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. யானை அறிவுள்ள விலங்கு என்பதிலோ, அதற்கு நல்ல பராமரிப்பு வேண்டும் என்பதிலோ ஐயமில்லை. ஆனால் இந்த வழி மனிதருக்கானது என்றது தீர்ப்பு. தமிழில் இந்த மனுவின் பெயரைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்: ஆள் கொணர்வு. யானை ஓர் ஆளா? வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

நலனும் உரிமையும் சேர்ந்தே திணறும் இடம் ஒன்று இருக்கிறது, பாடங்களில் அது அநேகமாக வருவதே இல்லை. ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள மெக்குவாரி தீவில் மனிதர் கொண்டுபோய் விட்ட பூனைகள் கடற்பறவைகளை வேட்டையாடின. 2000-க்குள் பூனைகளை அடியோடு ஒழித்தார்கள். ஏற்கெனவே அங்கிருந்த முயல்கள் பெருகித் தாவரங்களை மேய்ந்து தீர்த்தன. முயல்களையும் எலிகளையும் ஒழித்து முடித்ததாக 2014-இல் அறிவித்தார்கள். பறவையினங்கள் பிழைத்தன. உயிரினத்தைக் காப்பவரும் தனி உயிரைக் காப்பவரும் ஒரே கட்சி என்று நம்பிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்தத் தீவு ஒரு நல்ல அதிர்ச்சி.

இனி வகுப்பறையைப் பற்றி. இந்தப் பாடத்துக்கு மற்றப் பாடங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு: ஆசிரியரும் மாணவர்களும் பார்வையாளர்கள் அல்லர். உண்பது, உடுத்துவது, மருந்து என்று ஏதோ ஒரு வழியில் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். உலகில் ஆண்டுதோறும் உணவுக்காக 8,000 கோடிக்கும் மேற்பட்ட நிலவாழ் விலங்குகள் கொல்லப்படுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கோழிகள். வகுப்பில் ஒருவரின் குடும்பம் ஆடு மாடு வளர்த்துப் பிழைப்பதாக இருக்கலாம், இன்னொருவரின் உறவினர் விலங்குகளில் சோதிக்கப்பட்ட மருந்தால் உயிரோடு இருக்கலாம். குற்றவாளிகளைத் தேடும் தொனியில் பாடம் தொடங்கினால் அந்தப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். விலங்கைப் பற்றி உண்மையில் எதையாவது அறிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

உண்பதும் நினைப்பதும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதற்கு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. லஃப்னன், ஹஸ்லம், பாஸ்டியன் ஆகிய உளவியலாளர்கள் சிலருக்கு உலர்ந்த மாட்டிறைச்சியையும் சிலருக்கு முந்திரியையும் தின்னக் கொடுத்துவிட்டு, பிறகு விலங்குகளைப் பற்றிக் கேட்டார்கள். இறைச்சி தின்றவர்கள், தாங்கள் அறம் சார்ந்து அக்கறைகாட்ட வேண்டியவை என்று கருதிய விலங்குகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. முந்திரி தின்றவர்கள் இதைக் கேட்டு மார்தட்ட வேண்டியதில்லை. நம் தீர்ப்புகள் நம் வசதிக்கேற்ப வளைகின்றன என்பதே செய்தி, எல்லாரும் ஏதோ ஒரு பக்கம் வளைந்துதான் இருக்கிறோம். 2021-இல் வந்த மற்றோர் ஆய்வு 5 முதல் 9 வயதுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டது. ஒரு மனிதரைக் காப்பதா பல நாய்களைக் காப்பதா என்ற கேள்வியில் பெரியவர்கள் பெரும்பாலும் மனிதரைத் தேர்ந்தார்கள். குழந்தைகள் அவ்வளவு உறுதியாக இல்லை. பலர் நாய்களின் பக்கம் போனார்கள். மனிதனே முதலில் என்ற எண்ணம் வளர வளரக் கற்றுக்கொள்ளப்படுகிறது என்றால், அந்தக் கற்றல் எங்கே நடக்கிறது என்று பதின்ம வயதினர் தங்கள் வாழ்க்கையில் தேடிப் பார்க்கலாம்.

கொல்கூடக் காணொளிகளைப் போட்டுக் காட்டுவது தவறு என்று நினைக்கிறேன். அதிர்ச்சி ஒரு முடிவை நெஞ்சில் அறைந்துவிடும். அறைந்த முடிவு இரண்டு வாரத்தில் விழுந்துவிடும், அல்லது கேள்வி கேட்காத பிடிவாதமாக இறுகிவிடும். மறைப்பதும் சரியல்ல. எண்களையும் நடைமுறைகளையும் எழுத்தில் கொடுத்து, கேட்கிற மாணவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியரின் சொந்தக் கருத்தை மாணவர்கள் கேட்டால்? சொல்லலாம், ஆனால் விவாதம் முடிந்த பிறகு, மாற்றுக் கருத்துடைய ஓர் அறிவாளியின் வாதத்தையும் சேர்த்து.

வகுப்பறையிலேயே சோதிக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, அறுத்துப் பார்க்கும் ஆய்வகம். ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1959-இலேயே ஆய்வுகளுக்கு மூன்று கேள்விகளை வகுத்துத் தந்தார்கள்: விலங்குக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்த முடியுமா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, துன்பத்தைத் தணிக்க முடியுமா? உலகின் ஆய்வு நெறிக்குழுக்கள் பலவும் இன்று இவற்றைத்தான் கேட்கின்றன. ஒரு தவளையை வகுப்பின் முன் வைப்பதற்கு முன்னால் மாணவர்களே நெறிக்குழுவாக உட்கார்ந்து இந்த மூன்றையும் ஆசிரியரிடம் கேட்கட்டும். அறநெறிக் காரணத்தால் மறுக்கும் மாணவருக்கு மாற்றுப் பணி கேட்கும் உரிமையைக் கலிஃபோர்னியா 1988-லேயே சட்டமாக்கியது. மறுப்பவருக்கு மதிப்பெண் குறையுமா என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், மனச்சாட்சிக்கு விலை போட்டுவிட்டோம் என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மற்றொன்று, வகுப்பில் வளர்க்கும் பிராணி. கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மீன், கூண்டில் ஒரு முயல் அல்லது வெள்ளெலி. பொறுப்புணர்வு வரும் என்று வாங்கிவைக்கிறார்கள். லாக் தமக்குத் தெரிந்த ஒரு தாயைப் பாராட்டி எழுதியிருக்கிறார்: மகள்கள் நாயோ அணிலோ பறவையோ கேட்டால் மறுக்காமல் கொடுப்பாராம், ஆனால் அவற்றுக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. மெல்லரின் ஐந்து தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் மாணவர்களை உட்காரவைத்து நிரப்பச் சொன்னால் பாதி கட்டங்கள் வெறுமையாக இருக்கும். விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வது? வகுப்பின் கூச்சல் அதற்கு எப்படிக் கேட்கிறது? இரவில் விழித்திருக்கும் விலங்கைப் பகலில் தட்டி எழுப்புகிறோமே? தாளை நிரப்பி முடித்த வகுப்பு அந்தப் பிராணியை வேறோர் இடத்துக்கு அனுப்ப முடிவெடுத்தால், ஆசிரியர் அதை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்.

மொழி வகுப்பிலும் ஒரு பயிற்சிக்கு இடமுண்டு. தமிழ் இலக்கணம் மக்களை உயர்திணை என்றும் மற்ற எல்லாவற்றையும் அஃறிணை என்றும் பிரிக்கிறது. பசுவும் 'அது', பலகையும் 'அது'. ஆனால் செல்லமாக வளர்க்கும் நாயைப் பற்றிப் பேசும்போது பலர் தம்மையறியாமல் 'அவன் இன்னும் சாப்பிடவில்லை' என்கிறார்கள். இந்தக் கட்டுரையிலிருந்தே ஒரு பத்தியை எடுத்து, விலங்குகளுக்கு வரும் ஒவ்வோர் 'அது'வையும் 'அவன்' அல்லது 'அவள்' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். யானையில் பேனா தயங்காது, சிம்பன்சியிலும் தயங்காது. கோழியில் சிலர் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். துறவி நண்டுக்கு வரும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். யார் எந்த விலங்கில் நிறுத்தினார்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அங்கே நிறுத்தியதற்குக் காரணம் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்கலாம்.